பெண் பார்க்கப் போன கைக்கடிகாரம்

நெருக்கடி நிலை முடிந்தபோது உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் பேச்சுரிமை திரும்பி வந்தது. வந்ததை நான் ஒருவனே எடுத்துக்கொண்டேன். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த கரும்பலகை அதுவரை பஸ் நேரத்தை மட்டுமே சுமந்துகொண்டிருந்தது. சாக்பீஸோடு போய்த் தினமும் ஊர்ச் செய்தி எழுத ஆரம்பித்தேன். யார் மாடு யார் கொல்லையில் மேய்ந்தது, மணியக்காரர் எத்தனை மணிக்குக் கண் விழித்தார், இப்படி. சிரித்தார்கள். கோபித்துக்கொண்டவர்களிடம், "இன்னும் எமர்ஜென்சின்னு நெனப்பா?" என்பேன்.

பலகைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவன் என் ஒரே நண்பன். வாலாஜாபாத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பெரியப்பா மகனின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதை என்னிடம் மட்டும் சொன்னான். மறுநாள் பலகையில் எழுதினேன்: "பெண் பார்க்கப் போன கைக்கடிகாரம் பத்திரமாக உரியவரிடம் திரும்பியது. சைக்கிள் கடை மாப்பிள்ளை இனி சூரியனைப் பார்த்து மணி சொல்வார்."

பத்து மணி பஸ்ஸில் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்து இறங்கினார். பலகையைப் படித்தார். திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக அங்கேயே நின்றுவிட்டார்.

சம்பந்தம் போயிற்று. கடைக்கு ஓடினேன். "டேய், நான் இன்னா பொய்யா எழுதினேன்?"

"நெஜந்தான். நீ எழுது நைனா, யாரு வாணான்னாங்க?" செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான். "உங்கிட்ட வந்து சொன்னேம் பாரு, அது என் தப்பு."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஊரும் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டீக்கடையில் நான் நுழைந்தால், "தோ வந்துகினு கீறான்" என்று ஒரு குரல். அப்புறம் டீ உறிஞ்சும் சத்தம்தான். மழை வரும் போலிருக்கிறது என்றுகூட என் எதிரில் சொல்லமாட்டார்கள். என்னை எழுதாதே என்று ஒருவரும் தடுக்கவில்லை. எழுதத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒருநாள் பலகையில் மன்னிப்பு எழுதி, உடனே அழித்தேன். அதுவும் அவன் கதையை இன்னொரு தடவை ஊருக்குச் சொல்வதுதானே. பழையபடி பஸ் நேரம் எழுதினேன். அதையும் கண்டக்டரிடம் கேட்டுத்தான் நம்பினார்கள்.

அவனிடம் போய் நிற்க ஒரு வழிதான் இருந்தது. வாரம் ஒருமுறை கருவேல முள்ளால் என் சைக்கிள் டயரை நானே குத்தி, தள்ளிக்கொண்டு போவேன். முன்பெல்லாம் ஒரு பஞ்சருக்கு ஒரு மணி நேரம் பேசுவான். இப்போது ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன்.

நாலாவது வாரம் முள்ளைப் பிடுங்கியவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று கிட்டே குனிந்தேன். முள்ளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போனான்.

சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரத்துக்கு ஆகும்.