எவ்வளவு என்று மட்டும்

போன வருடம் வந்த காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் பாதியைத்தான். வாடை பலமா லேசா என்று தெரியும். எதன் வாடை என்று தெரியாது. காப்பித்தூள், டீசல், குழந்தையின் ஈரத்துணி எல்லாம் ஒரே வாடை. கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதான்.

ஈப்போவில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வாடைக்கும் மூளையில் ஒரு நரம்புக் கூட்டம் விழிக்குமாம். எந்தக் கூட்டம் விழித்தது என்பதை வைத்து இது மல்லிகை, இது கருவாடு என்று தெரிகிறது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஒன்றாக விழித்தது என்பதை வைத்து வாடையின் பலம் தெரிகிறது. எனக்குப் பலம் சரியாக வருகிறது, ஆள் அடையாளம்தான் குழம்பிவிட்டது. நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனைவி மூன்றரைக்கு வருவாள். காய்ச்சலுக்குப் பிறகு சமையல் காஸ் தோங்கின், அதாவது சிலிண்டரின், வால்வை நாளுக்கு இருபது முறை தொட்டுப் பார்ப்பேன். "தோங்குக்குத் தாலி கட்டிட்டீங்களா?" என்று கேலி செய்வாள். எனக்கு ரோஷம் வந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் மனைவியின் தம்பி சிலிம் ரிவரிலிருந்து ஒரு சாக்கு டுரியான் பழத்தோடு வந்தான். அடுப்படியில் தோங்கை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாக்கை அதன் பக்கத்தில் வைத்தான். "அக்கா வந்ததும் ஒடைச்சிச் சாப்பிடுங்க லா மச்சான்" என்று சொல்லிக் கிளம்பினான். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னல்களைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் வீடெங்கும் வாடை. டுரியான் என்றால் நாறத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஆனாலும் அடுப்படிக்குப் போனேன். சாக்கருகே குனிந்தேன், பலம். தோங்கருகே குனிந்தேன், அதே பலம். கையை நீட்டி வால்வை மூடியிருக்கலாம். அந்தக் கேலி ஞாபகம் வந்தது, மூடவில்லை.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே, உறைந்த ரப்பர் பாலைச் சேர்த்துவைக்கும் ஒட்டுப்பால் ஸ்டோர். அந்த நாற்றத்தில் விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள். "சித்த நேரம் இருங்க, போயிரும்" என்பார் அம்மா. போய்விடும்தான். அதேபோல ஹாலில் உட்கார்ந்து காத்திருந்தேன். காஸ் கசிந்தால் வாடை ஏற வேண்டும், டுரியான் என்றால் பழகி இறங்கும் என்று கணக்குப் போட்டேன். வாடை இறங்கியது. எனக்கு என்ன ஒரு நிம்மதி.

மகள் எழுந்து பால் கேட்டு அழுதாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பின் திருகில் கை வைத்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"தொடாதீங்க."

மனைவி வாசலில் நின்றாள். கத்தக்கூட இல்லை. ஓடி வந்து வால்வை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், எங்கள் இருவரையும் வெளியே தள்ளினாள். தோங்கைத் தள்ளியதில் டியூப் கழன்றிருந்தது. மாடிப்படியிலேயே நாறியதாம்.

"ஒங்களுக்குத் தெரியலையா?"

"கொறைஞ்சிருச்சே" என்றேன்.

குறைந்தது காஸ் இல்லை, என் மூக்கு. ஒட்டுப்பால் நாற்றமும் எங்கேயும் போகவில்லை, நாங்கள்தான் மரத்துப்போனோம். இது தெரிய எனக்கு நாற்பது வயதாகியிருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டாள். "அங்க வெளையாடப் பிள்ளைங்க இருக்கு" என்றாள். அதற்கு மறுநாளும் விட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. அவள் செய்தது சரி என்பதுதான் எனக்குப் பயம்.

இப்போது பகலில் வீட்டில் தனியாக இருக்கிறேன். அரை மணிக்கொரு தடவை வெளியே போய் நின்றுவிட்டு, உள்ளே வந்து முகர்ந்து பார்க்கிறேன். மூன்றரைக்கு மகள் வந்ததும் தூக்கி உச்சியை முகர்கிறேன். லேசாக ஏதோ வருகிறது. அது அவள்தானா என்று தெரியவில்லை.