பல்லால் அறுத்த நூல்

மார்ச் 4: 7 மில்லிமீட்டர்.
ஏப்ரல் 15: 6 மில்லிமீட்டர்.
ஏப்ரல் 18: பிழை ஒன்று.

ஹோட்டல் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கும் அறையில் எல்லோருக்கும் அவள் பட்டன் அக்கா. வயது அறுபத்தெட்டு. மேலே கண்ட அளவுகள், அவளுடைய கீழ்வரிசை முன்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்திருந்த பள்ளத்தின் ஆழம். பல் ஆடியது. மார்ச்சில் வேர்வரை சுத்தம் செய்தும் ஒரு மில்லிமீட்டர்தான் குறைந்தது.

ஏப்ரலில் பல் டாக்டர் மழுங்கிய ஊசியால் அந்தப் பள்ளத்துக்குள் கிருமிக்கொல்லி ஜெல்லை வைத்தார். மஞ்சள் நிறம்.

"மாத்திரைன்னா உடம்பெல்லாம் சுத்திட்டு வரும்மா. இது வேலை இருக்கிற இடத்துலயே உக்காந்துக்கும். பத்து நாள் அந்தப் பல்லால எதையும் கடிக்காதீங்க. ஆழம் நாலுக்கு வந்துட்டா பல்லு உங்களுது. இல்லேன்னா ஆகஸ்ட் ரெண்டாம் தேதி எடுத்துடலாம்."

வீட்டில் கணவரின் பல்செட் டம்ளர் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல இன்னொரு டம்ளருக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

"அதுல உங்க வாயைப் போட்டு வைங்க."

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 18 அன்று, நாற்பத்தொன்றாவது பொத்தானை முடிச்சிட்டதும், நாற்பது வருடப் பழக்கத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நூல் நுனியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு. சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் பல் விழும். மறுநாள் அந்த நூலைத் தாளில் மடித்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைத்தாள்.

"சாட்சியோட வந்த முதல் ஆள் நீங்கதாம்மா" என்று அவர் மறுபடி ஜெல் வைத்தார்.

அன்று மாலை கணவர் ஒரு சின்னக் கத்திரிக்கோலை நாடாவில் கட்டி அவள் கழுத்தில் மாட்டினார். "இதுக்கு ஈறு கிடையாது. தைரியமா கடிக்கலாம்." கேலி வாயோடு சரி, நாடாவின் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 6 முதல் பிரஷ்ஷில் ரத்தம் இல்லை. ஜூலை 22 அன்று ஆழத்தை அளந்த உதவியாளர் அளவைத் தாளில் மட்டும் குறித்துக்கொண்டார். "எக்ஸ்ரேவையும் பாத்துட்டு டாக்டர் கடிதம் போடுவாரு."

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிதம் வந்ததும் உறையின் ஓரத்தைப் பல்லுக்குக் கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்திக் கழுத்திலிருந்த கத்திரிக்கோலால் வெட்டினாள்.

கணவர் வாசித்தார். "ஆழம் நாலு. ஆட்டம் குறைஞ்சிருக்கு. ஆகஸ்ட் ரெண்டு ரத்து. இனிமே கடிதம் வராதாம், மூணு மாசத்துக்கு ஒருதடவை நேர்ல காட்டினா போதுமாம்." கடிதத்தை மடித்துக்கொண்டே, "டம்ளர் வீணாப் போச்சு" என்றார்.

அவள் அதில் உதிரிப் பொத்தான்களைப் போட்டு வைத்தாள்.

கடிதம் வந்து சேர்ந்த நாள் ஜூலை 29, பல் எடுக்கக் குறித்திருந்த நாளுக்கு நான்கு நாள் முன்.