ஒருசந்தியும் இரண்டு மாத்திரையும்

ஒரு மாத்திரைக்கு அப்பாவின் சர்க்கரை அடங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் டாக்டர் இன்னொன்றையும் சேர்த்து எழுதினார். சின்னது சாப்பாட்டுக்கு முன்னால், பெரியது சாப்பிட்டபின். தலத்தெரு வீட்டில் அந்த இரண்டுக்கும் நான்தான் போலீஸ். சர்க்கரை டப்பா என் பீரோவுக்குள் போயிற்று. தினமும் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சி நிறம் பார்ப்பேன். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது; அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

"ஒங்கிட்ட மாட்டுறதுக்குச் சாமியார்கிட்ட முழங்கால் போட்டுப் பாவசங்கீர்த்தனமே பண்ணிடலாம்" என்பார் அப்பா.

இரண்டாவது மாத்திரை வந்தபின் நிறம் பச்சைக்கு இறங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, சொல்லச் சொல்லக் கேளாமல் ஒருசந்தி இருந்தார். ஒரே வேளை கஞ்சி, அதுவும் கோயிலிலிருந்து வந்தபிறகு. மாத்திரையாவது தவறக்கூடாதென்று இரண்டையும் காலையில் நானே தண்ணீரோடு கொடுத்தேன். மாத்திரை சாப்பாட்டில் சேர்த்தியில்லை, ஒருசந்தி முறியாது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

மதியம் கோயில் வாசலில் சிலுவைப் பாதை. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டு எழுந்தவர், ஒன்பதாவதில் எழவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ உளறினார். பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார்.

"பசி மயக்கம்தான். இதக் குடுங்க."

அக்காவின் கையைத் தட்டிவிட்டேன். "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா? கொல்லப் பாக்குறீங்களா?"

தண்ணீர் மணலில் கொட்டியது. வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச்சேர வெகுநேரம் ஆகிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தது, ஆள் திரும்பவில்லை.

வெறும் வயிற்றில் மாத்திரை சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டது என்பதும், அந்த ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரே போதுமாயிருந்திருக்கும் என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கியது. பத்து மாதம் படுக்கையில் கிடந்து, நான் யாரென்றே தெரியாமல் அப்பா போனார். எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் மேலெல்லாம் எரிச்சல்தான் வந்தது. நான் செய்ததற்கு ஆறுதல் கிடையாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"விழுந்ததும் வாயில இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"ஒரு சொட்டுகூட உள்ள போக விடலீங்க டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன்.