உதடு ஒட்டாத சொல்

என் பெரியம்மாவின் மகள் கடல்நீர் ஆய்வகத்தில் பணிபுரிகிறாள். கடலில் நச்சுப்பாசி பெருகும் காலத்தில் சிப்பிகளைச் சோதித்து, அவற்றை உண்ணலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. முதலில் உதடு மரத்துப்போகும். முற்றினால் மூச்சு நின்றுவிடும். இதை அவள் வீட்டில் ஓயாமல் சொல்லியதால், அவளுடைய தம்பி எதைத் தின்றாலும் அவளை அழைத்து வம்புக்கு இழுப்பான்.

"அக்கா, உதடு மரத்துப் போச்சு!"

"நாக்கும் மரத்துட்டா ஊருக்கே நிம்மதி. வைடா போனை."

ஒரு மதியம் அதே அழைப்பு வந்தது.

"அக்கா, உதடு அரத்து ஓச்சு."

உதடுகள் சேர்ந்தால்தான் பிறக்கும் மகரமும் பகரமும் அதில் இல்லை.

"எங்க, 'அம்மா'ன்னு சொல்லு."

"அ... ஆ."

உடனே ஆம்புலன்ஸை அனுப்பினாள். சிப்பி விற்பனைக்குத் தடை வருமுன் வாங்கியதை அவன் நன்றாக வேகவைத்துத் தின்றிருந்தான். மூச்சுக்கருவியின் துணையோடு கிடந்து பிழைத்தான். அவள் அழவில்லை, சட்டியில் மிஞ்சியதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள்.

இப்போதும் அவன் அன்றாடம் அழைக்கிறான். கேலி எதுவும் இல்லை. அவள் எடுத்ததும் "அம்மா" என்கிறான். "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.