மடியில் ஏறும் கோழி

அறுபதுகளின் தொடக்கத்தில் எடமலைப்பட்டி புதூரில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும். அவருக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய ஆங்கிலோ இந்திய மேலதிகாரி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, ஆசையாக வளர்த்த பேண்டம் கோழி ஜோடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

புறாவைவிடச் சற்றுப் பெரியவை. பாதம் மறைய இறகு. கொத்தாது, விரட்டாது. என் ஓர்ப்படி உட்கார்ந்தால் போதும், பெட்டை தானாக மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். தெருவே வந்து பார்த்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஸ்கூல் விட்டதும் என் ஐந்து வயது மகளும் நேராக அங்கேதான் போனாள். நான் பலகாரத்தோடு காத்திருப்பேன். "சித்தி வீட்டுலயே சாப்பிட்டேம்மா" என்று வந்து நிற்பாள்.

காந்தி மார்க்கெட் பக்கம் போய் நானும் இரண்டு நாட்டுக்கோழி வாங்கி வந்தேன். ஒன்று மகளின் கையைக் கொத்தியது. மற்றொன்று மறுநாளே பறந்து போய்விட்டது.

ஓர்ப்படிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேறான கோழிக்காலைக் கழுவி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகள் சொம்போடு. என்னால் அடக்க முடியவில்லை.

"புள்ள இல்லாதவங்களுக்குக் கோழிதான் புள்ள போலிருக்கு."

அவள் நிமிரவில்லை. துடைத்து முடித்தாள். சாயங்காலம் பெட்டையைக் கொண்டுவந்து என் சமையலறை வாசலில் விட்டாள்.

"பாப்பா ஆசைப்படுது. நீங்களே வச்சுக்கங்கக்கா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். அது என் மடியிலும் ஏறிக் கண்ணை மூடியபோது, அவள்மீது மட்டும் அதற்குத் தனிப் பிரியம் ஒன்றுமில்லை என்று உள்ளூரத் திருப்திப்பட்டேன். மகளோ, "சேவல் தனியா இருக்கும்மா" என்று அங்கேயே ஓடினாள்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டை தீனி எடுக்காமல் மூலையில் உடம்பைப் பரப்பி உட்கார்ந்துவிட்டது. செத்துப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சுவரருகே போய்க் கூப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. உடனே வந்தாள்.

"சீக்கு இல்லக்கா. அடைக்கு உக்காந்திருக்கு. முட்டை இருக்கா?"

சேவல் தினமும் சுவரேறி வந்துபோனதால் முட்டைகள் கருவுள்ளவைதான் என்றாள். நான் எடுத்து வைத்திருந்த ஆறையும் வைக்கோல் பரப்பிய சட்டியில் அடுக்கினாள். இடி இடித்தால் கெடாமலிருக்க ஒரு கரித்துண்டும் ஆணியும் போட்டாள்.

இருபத்தோராம் நாள் ஐந்து பொரித்தன. அவள் தரையில் உட்கார்ந்ததும் குஞ்சுகள் அவள் புடவை மடிப்புக்குள் நுழைந்தன. அன்று சொன்னதை மறந்துவிடு என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

"எல்லாத்தயும் நீயே கொண்டு போ. எனக்கு வளக்கத் தெரியல" என்றேன்.

"நெஜமாவாக்கா?" என்று கேட்டாள்.

கூடையின் ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதை என் மகள் பிடித்துக்கொண்டு போனாள். கொடுத்துவிட்டேனே தவிர, இருவரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு எரிந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் பழையபடிதான் பேசினாள். நான் அன்று சொன்ன பேச்சை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.