பதின்மூன்றாவது வீடு

அந்தச் சக்கரத்தில் பதின்மூன்று வீடுகள். ஆறு சிவப்பு, ஆறு கறுப்பு, ஒன்று மஞ்சள். தேயிலைப் பெட்டிப் பலகையை வட்டமாக அறுத்து, விளிம்பு நெடுக ஆணி அடித்து, நடுவில் ஒரு பழைய ரிக்‌ஷா அச்சைச் செருகி, தொழிற்சாலைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி. மேலே ஒரு தகரத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிவிட்டால் அது ஆணிகளில் பட்டுக் கடகடவென்று ஓடும். பிறகு டக், டக் என்று தளரும். கடைசி ஆணியைத் தாண்டுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் சம்பள நாள் மத்தியானம் பெரட்டுக்களத்தில் அத்தனை கூட்டம். காலையில் பெயர் கூப்பிடும்போது குளிரில் நடுங்கி நின்ற அதே இடத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் வேர்க்கும்.

மஞ்சள் வீட்டில் எண் கிடையாது, ஒரு வேல் மட்டும் வரைந்திருக்கும். அதற்குச் சாமி வீடு என்று பெயர். சக்கரம் அங்கே நின்றால் சிவப்பில் வைத்தவனுக்கும் இல்லை, கறுப்பில் வைத்தவனுக்கும் இல்லை. பலகையில் கிடக்கும் காசு முழுவதும் கோயிலுக்கு என்பது பெரிய கங்காணி வைத்த சட்டம். மற்ற வீடுகளில் தோற்றவன் பல்லைக் கடிப்பான், பக்கத்தில் நிற்பவனைத் தரித்திரம் என்று திட்டுவான். சாமி வீட்டில் தோற்றவனோ இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, "சாமிக்குப் போச்சு" என்பான். அதோடு சரி. கோயிலுக்கு ஒரு மணிகூட வரவில்லையே, கூரை இன்னும் மாணாப்புல்லாகவே இருக்கிறதே என்று கேட்கிற நாக்கு எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

எங்கள் அப்பா சூதாடி அல்ல. கூட்டத்துக்கு வெளியே நின்று சிரித்துவிட்டுப் போகிறவர். அவரைக் கூப்பிட்டு வழி சொல்லிக் கொடுத்தவர் பெரிய கங்காணியேதான். காதில் சிவப்புக்கல் கடுக்கன், தலையில் சரிகைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு, அந்தப் பிரம்பால் அப்பாவின் தோளைச் செல்லமாகத் தட்டி, "தோத்தா ரெட்டியா வையிடா. மறுபடி தோத்தா அதுக்கும் ரெட்டி. எத்தன தடவதான் செவப்பே வந்துகிட்டிருக்கும்? ஒரு தடவ கறுப்பு வந்தாப் போதும், போனதெல்லாம் திரும்பிரும்ல?" என்றார்.

அப்பா அதை அப்படியே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். அட்டனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துச் சதம், இருபது, நாற்பது, எண்பது. எத்தனை முறை தோற்றாலும் ஒரு முறை ஜெயித்தால் போனது முழுவதும் வந்து, மேலே பத்துச் சதம் மிஞ்சியது. எங்கே நிறுத்திப் பார்த்தாலும் அதே பத்துச் சதம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சிவப்பு பாதி, கறுப்பு பாதி என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டேன். மஞ்சளை எழுதவில்லை. சாமியைப் போய்க் கணக்கில் எழுதுவார்களா? "சரியாத்தாம்ப்பா இருக்கு" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்து, "படிச்சவன் சொல்லிட்டான்ல" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் முள்ளாக நிற்கிறது.

இரண்டு சம்பளம் அவருக்குக் கறுப்பு வந்தது. சில்லறையை மடியில் முடிந்துகொண்டு வந்தார். மூன்றாவது சம்பளத்தன்று நானும் பக்கத்தில் நின்றேன், என் கணக்கு ஓடுவதைப் பார்க்க. ஆறு முறை தொடர்ந்து போயிற்று. அந்த மாதச் சம்பளம் முடிந்துவிட்டது. ஏழாவது முறைக்கு வேண்டியது ஆறு ரூபாய் நாற்பது சதம், கையில் ஒன்றுமில்லை. இங்கே நிறுத்தினால் எல்லாம் போச்சு, இன்னும் ஒரே ஒரு முறை வைத்தால் எல்லாம் திரும்பும் என்று என் சிலேட்டு சொன்னது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "லயத்துல செவல மாடு நிக்கிதேடா, அத வையி" என்றார்.

தகரம் கறுப்பைத் தாண்டி மஞ்சளில் போய் நின்றது.

அப்பா கைகளைக் குவித்தார். "சாமிக்குப் போச்சுங்கய்யா" என்றார். பெரிய கங்காணி சக்கரத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "என்னடா, இன்னொரு தடவ சுத்தட்டுமா?" என்றார். களமே சிரித்தது.

செவலை பெரிய கங்காணி வீட்டுத் தொழுவத்துக்குப் போயிற்று. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது அது எங்கள் லயத்துப் பாதையில்தான் திரும்பும். அவருடைய ஆள் வாலை முறுக்கி அடித்து ஓட்டுவான். அந்த நேரம் பார்த்து அப்பா அடுப்படிக்குள் போய்விடுவார். பிறகு அதே பாலை அம்மா போத்தலில் வாங்கி வந்தாள், தண்ணீர் கலந்த பாலாக. "மனுசங்கிட்டயா போச்சு? சாமிகிட்டதான போச்சு" என்று அப்பா காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம் வரை சொன்னார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கோபத்தில் பாதியாவது என்மேல் இறங்கியிருக்கும். முழுவதையும் அந்தக் கடுக்கன்காரருக்கென்றே வைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பேரேடு எழுதும் வேலை கிடைத்தது. சீசன் காலத்தில் துரைமார் ஆடுவதற்கு அங்கே ஒரு ரூலெட் சக்கரம் வைப்பார்கள். தேக்கு மரம், பித்தளைக் குமிழ், தந்த உருண்டை. பதினெட்டுச் சிவப்பு, பதினெட்டுக் கறுப்பு, பூஜ்யம் என்று எழுதிய ஒரு பச்சை வீடு. அதைச் சுழற்றிய பறங்கிக்கார ஐயா பகலில் உருண்டையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ரெட்டிச்சு வைக்கிறவன், கறுப்புக்காகக் காத்திருக்கிறவன், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து ஆடுகிறவன், எல்லாரையும் பார்த்தாச்சு தம்பி. அவன் பக்கம் பதினெட்டு வீடு. நம்ம பக்கம் பத்தொன்பது. எப்படி வைத்தால் என்ன, அந்த ஒரு வீட்டை எவனால் அழிக்க முடியும்? ரெட்டிக்கிறவன் சின்னச் சின்னதாக ஜெயிப்பான், ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவான். இந்தப் பச்சை வீடுதான் எங்களுக்குச் சோறு."

அன்று என் அறைக்குப் போய் அந்தச் சிலேட்டுக் கணக்கை மறுபடி போட்டேன். அப்பாவுக்கு ஆறு வீடு. பெரிய கங்காணிக்கு ஏழு. துரைமாரின் சக்கரத்தில் முப்பத்தேழுக்கு ஒன்று பச்சை. எங்கள் ஏழைச் சக்கரத்திலோ பதின்மூன்றுக்கு ஒன்று மஞ்சள். சாமியின் பெயரைச் சொன்னதால் அதை எண்ணக்கூட எங்களுக்குக் கை வரவில்லை.

குதிரைப் பந்தய வாரத்தில் பெரிய கங்காணி கோட்டும் பாகையுமாக நுவரெலியாவுக்கு வருவது வழக்கம். அந்த வருஷம் மைதானத்துப் பக்கம் கார்னிவல் போட்டிருந்தார்கள். காசுள்ளவர் யாரும் ஆடலாம் என்று ஒரு கூடாரத்தில் அதே மாதிரிப் பச்சை வீட்டுச் சக்கரம். வழியில் என்னைக் கண்டதும், "அடே, மாட்டுக்காரன் மவனா? சப்பாத்தெல்லாம் போட்டுட்டியா!" என்றார். பேச்சு சக்கரத்துக்குப் போயிற்று. "பன்னெண்டு வருசமாச் சுத்துறேன், எஞ் சக்கரம் என்னயக் கை விட்டதில்ல. எல்லாம் ராசிடா" என்று கடுக்கனைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமி வீட்டுக் காசைத் திருடுவது அவருக்குத் தெரியும். ஆனால் தம்மை ஜெயிக்க வைத்தது அந்த வீடுதான் என்று அவருக்குத் தெரியாது. தம் கைராசி என்றே நம்பியிருந்தார்.

"அப்படின்னா இங்க ஆடிப் பாக்கலாமேங்கய்யா. ஐயா சொல்லிக் குடுத்த ரெட்டிப்புதான்" என்றேன். அன்றைக்கே ஹோட்டல் தாளில், முத்து முத்தான எழுத்தில், என் சிலேட்டுக் கணக்கை அப்படியே எழுதிக் கொடுத்தேன். சிவப்பு பாதி, கறுப்பு பாதி. அடியில் இரட்டைக் கோடு. கூடாரத்தில் அவர் பிரம்பை நீட்டி, "அது என்னடா பச்ச?" என்று கேட்டார்.

"அது அவுங்க சாமி வீடுங்கய்யா."

"வெள்ளக்காரனுக்குமா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரண்டு மத்தியானம் ஜெயித்தார். எனக்கு ஒரு ரூபாய் வெகுமதி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். மூன்றாம் மத்தியானம் நான் வேலைக்குப் போகவில்லை. கூடாரத்து மூலையில் நின்று கடைசி வரை பார்த்தேன். ரெட்டித்தார், ரெட்டித்தார், மஞ்சள் பை ஒன்றை அவிழ்த்து மறுபடி ரெட்டித்தார். கடைசியில் கடுக்கனைக் கழற்ற முடியாமல் எச்சில் தொட்டுத் திருகினார். செவலையின் வால் முறுக்கப்பட்டதை நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

அந்த மஞ்சள் பை கோயில் திருவிழாப் பணம் என்று மறுநாள்தான் தெரிந்தது. தேர் கட்டும் நாள் நெருங்க, கேட்காத நாக்குகளெல்லாம் கேட்டன. கூட்டம் துரையின் பங்களா வாசலுக்குப் போயிற்று. பிரம்பு வேறொருவர் கைக்கு மாறியது, வீடு போயிற்று, மாடுகள் போயின. சாமான்களை ஏலம் போட்டபோது சக்கரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. விறகுக்குப் போகவிருந்ததை நான் வாங்கினேன். அந்த வருஷம் தேர் ஓடவில்லை. அம்மாவும் அந்தப் பையில் காசு போட்டிருந்தாள். அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், பனிமூட்டம் ஜன்னல்வரை இறங்கியிருந்தபோது, அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். காதில் இரண்டு வெறும் ஓட்டைகள். உள்ளே வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்புகளில் கிழிந்து நான்காகிவிட்டிருந்தது. "தம்பி, நீங்க படிச்சவுங்க. இதுல எங்கன தப்பு நடந்திச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. ராவும் பகலும் அதே நெனப்பா இருக்கு."

ஒரு வார்த்தை போதும். பச்சையை எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தாளை மேசைமேல் வைத்து, வரி வரியாக விரலை ஓட்டி, நெடுநேரம் பார்த்தேன்.

"தாள்ல தப்பில்லைங்கய்யா. ராசிதான் விட்டுப் போச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். எழும்போதுதான் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சக்கரத்தைக் கண்டார். கிட்டப் போய் அதைச் சுற்றிவிட்டார். தகரம் கடகடத்து ஓடி, தளர்ந்து, கடைசி ஆணியில் ஒரு கணம் யோசித்து, மஞ்சளில் நின்றது. அந்த வீட்டில் வேல் வரையும்படி தச்சரிடம் சொன்னவர் அவர். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் விழுந்ததையெல்லாம் மடியில் கட்டியவர் அவர். இப்போது இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்தார். அப்பா குவித்த மாதிரியே.

"சாமிக்குப் போச்சு" என்றார்.

நான் எழுந்து போய்ச் சக்கரத்தின் மேல் ஒரு விரலை வைத்தேன்.

"இன்னொரு தடவ சுத்தட்டுங்களாய்யா?" என்றேன்.