கல்லாவில் உட்கார்ந்தவர்

அப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள்கூட இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை. நானாகப் போடப் போனால் இலைக்கு மேல் கையை விரித்து மறைப்பார். "போதும் மக்கா, வயறு நெறஞ்சாச்சு" என்பார். பச்சைப் பொய். அம்மா இருந்தபோது அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாதா? பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைப்பதே குறைச்சல் என்று நினைக்கிற நாஞ்சில் நாட்டுக்காரர் அவர். என் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றுகூடப் பந்தியில் உட்காராமல் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் போனவர். அப்படிப்பட்ட மனுஷனுக்கு மருமகன் சம்பளத்தில் மூன்று வேளையும் சாப்பிட வேண்டி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வாய் நிறைய "மாமா" என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து அதே நாற்காலியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். கோபமும் வரும். எனக்கு எது வந்தாலும் கடைசியில் கோபமாகத்தான் வரும்.

அம்மா இறந்துபோன வருஷமே அப்பாவுக்கு வேலையும் போயிற்று. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய், மல்லி, புளி என்று மொத்த வியாபாரம் செய்த ஒருவரிடம் அப்பா கணக்குப்பிள்ளை. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்தக் கடைதான். எங்கள் வீட்டில் அந்த வியாபாரியை 'மொதலாளி' என்றுதான் சொல்வோம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அப்பாவின் குரலே கொஞ்சம் இறங்கிவிடும். மொதலாளிக்கு வயசாகி, காலேஜ் படித்த பிள்ளைகள் கடையை எடுத்துக்கொண்டார்கள். கணக்கை இங்கிலீஷில் எழுத ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். அப்பா கையில் ஒரு வேட்டியையும் துண்டையும் கொடுத்து, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் மொதலாளி உள்ளறையில்தான் இருந்திருக்கிறார். எழுந்து வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அப்பா மறந்தாரோ என்னவோ, நான் மறக்கவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, பழைய சக்கரக் காசுக் கணக்கெல்லாம் போய் ரூபாய் அணாவாகிவிட்டிருந்த சமயம் அது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அப்பாவுக்கு ஒரு சின்னக் கடை வைத்துக் கொடுக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. ஆரியசாலையில் எல்லாம் மூட்டைக் கணக்கு. கால் ராத்தல் மல்லி வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரி போய் நின்றால் அந்த மொத்தக் கடைக்காரர்கள் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். சில்லறையாகக் கொடுத்தால் ஆள் வரும். சரக்கு அப்பாவுக்குத் தெரியும். கையில் எடுத்து முகர்ந்தால் எந்த ஊர் மிளகாய் என்று சொல்லுவார்.

"இந்த வயசுல எனக்கெதுக்கு மக்கா கடையும் கண்ணியும்?" என்றார் முதலில்.

"பின்னே என்னதான் செய்யப்போறீங்க?"

மடித்த பத்திரிகையை இன்னொரு தடவை மடித்தார். பிறகு, "எனக்குள்ள சோத்த நானே பொங்கித் தின்னுட்டுக் கெடக்கணும். அது மட்டும் நடந்தா போதும். வேற ஒரு ஆசையும் கெடையாது" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன்.

என் இரட்டை வடச் சங்கிலியை விற்றேன். ஆரியசாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இடம் பார்த்து, கட்டடச் சொந்தக்காரனோடு வாடகைக்கு மல்லுக்கட்டிப் பிடித்தது நான். முன்னால் கடை, பின்னால் ஒரு ஆள் படுக்கவும் அடுப்பு மூட்டவும் அறை. தகர டின் எங்கே, தராசு எங்கே, புளிக்கூடை எங்கே என்று சொன்னதும் நான்தான். தெருவைப் பார்த்துக் கல்லாப் பெட்டியைப் போட்டு, அதற்குப் பின்னால் அப்பா உட்கார ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் அப்பா "செரி, செரி" என்றார்.

முதலில் கொஞ்ச நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாமார் வர ஆரம்பித்தார்கள். வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து மாமிகள் ரசப்பொடிக்கு மல்லியும் மிளகும் வாங்க வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அப்பா தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குக் குடிபோய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சோறும் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ பிள்ளே, என்னத்தக் கொறிக்கே?" என்று அவர் அகப்பையோடு நின்றபோது இலையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தேன். கல்லாவில் மொதலாளி உட்கார்ந்திருந்தார். நான் தைத்த மெத்தையில், கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. அப்பா தராசுப் பக்கம் துண்டை இடுப்பில் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் மொதலாளியையும் கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்து ஓய்வெடுங்கள் என்று. மனுஷர் காலையில் எழுந்து குளித்து, திருநீறு பூசி, பழக்கதோஷத்தில் ஆரியசாலைக்கு வந்துவிடுகிறார். வந்தால் போக இடமில்லை. அப்பா பார்த்து "வாங்க மொதலாளி, இரிங்க" என்று எழுந்திருக்கிறார். உட்கார அந்தக் கடையில் இருந்தது ஒரே ஓர் இடம். அதில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. "ஓய் கணக்குப்பிள்ளே, அந்த மல்லிய வெயில்ல எடுத்து வையும்." "ஓய், புளிக்கு மேல சாக்கப் போடும்." வாங்க வந்தவர்கள் காசை அவர் கையில்தான் கொடுத்தார்கள். அவர் வாங்கிப் பெட்டியில் போட்டார். இன்னும் சக்கரத்தில்தான் கணக்குப் போடுவார். அப்பா பக்கத்தில் நின்று மெதுவாக அணாவைச் சொல்லித் திருத்துவார். காசில் அவர் கை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடை அவருடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்க மாட்டார்களா? ஆரியசாலை முழுக்கத் தெரிந்த முகம்.

பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருநாள் கேட்டாள்: "டீச்சரே, அச்சன் பின்னேயும் ஆ பழைய மொதலாளிகிட்டே ஜோலிக்கு சேர்ந்நோ? நல்லதாணு கேட்டோ. இந்தப் பிராயத்தில் யாரு வேலை கொடுக்கும்?"

அப்பா மறுபடியும் அவரிடம் வேலைக்கு நிற்கிறார் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"வயசான மனுஷன். போக எடமில்ல. இருந்துட்டுப் போட்டுமே" என்றார்.

"இருக்கட்டும். ஓரமா ஒரு ஸ்டூல் போடுங்க. கல்லாவில எதுக்கு?"

"மொத்தக் கடைக்காரனெல்லாம் அவரு மொகத்துக்காக நல்ல சரக்குத் தாரான், கேட்டியா. நமக்கும் லாபந்தான்."

"நீங்க நாள் முழுக்க நிக்கறீங்களே அப்பா!"

"நின்னு பழகுன காலு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டி வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார் என்றும் தெரியும். இதற்கா சங்கிலியை விற்றேன் என்று வயிறு எரிந்தது.

ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. கூட்டம் இருக்கும், ஒத்தாசையாக இருக்கலாம் என்று காலையிலேயே போனேன். கடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். அப்பா நிறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. ஒரு அம்மாளுக்கு மிளகு போட வேண்டிய இடத்தில் கடுகைப் பொட்டலம் கட்டிவிட்டார். அவ்வளவுதான்.

"கண்ணு எங்கவே இருக்கு உமக்கு?" என்று மொதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போட்டார். "அன்னைக்கும் இதே புத்திதான், இன்னைக்கும் இதே புத்திதான். நானா இருக்கக்கொண்டு வச்சிருக்கேன், வேற எவனாவதுன்னா என்னைக்கோ அடிச்சு வெரட்டியிருப்பான்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தலையைச் சொறிந்துகொண்டு, பல் தெரிய ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எந்திரிங்க" என்றேன்.

மொதலாளிக்குப் புரியவில்லை. "என்ன பிள்ளே?"

"எந்திரிங்கன்னு சொல்றேன். இது எங்கப்பாவோட கடை. என் கழுத்துச் சங்கிலியை வித்துப் போட்ட கடை. எங்கப்பாவை உங்க கடையிலேருந்து வெளியே அனுப்பினப்போ உள்ளே சத்தமில்லாம உட்கார்ந்திருந்தீங்களே, அப்போ எங்க போச்சு இந்த வாய்? உங்க பிள்ளைங்க உங்களையும் அனுப்பிட்டாங்கன்னா இங்க வந்து எங்கப்பா தலைமேல உட்காருவீங்களா?"

 மொதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாப் பெட்டியில் கையூன்றி அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நான் கை கொடுக்கவில்லை. தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, தெருவில் இறங்கிப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இத்தனை நாளாக அந்த வார்த்தைகளை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

அப்பா அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சரக்குப் போட்டார். அந்த அம்மாளுக்குக் கடுகை வாங்கிக்கொண்டு மிளகு கொடுத்தார். கடைசி ஆள் போனதும், பட்டப்பகலில், நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கடையை மூடினார். உள்ளே இருட்டாகிவிட்டது. நான் இன்னும் வீறாப்பாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"கடை யாருக்குள்ளது?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? உங்களோடதுதான்."

"எனக்குள்ளதுன்னா, நான் இருக்க வச்ச ஆள எழுப்பி விட நீ யாருட்டி?"

அப்பா என்னை 'டி' போட்டுப் பேசியதே கிடையாது. 

"அவரு உங்களை அத்தனை பேர் முன்னால..."

"ஏசினாரு. அது எனக்கும் அவருக்கும் உள்ள பாடு. நாளைக்கு நானே அவருகிட்டச் சொல்லியிருப்பேன். சொல்லாமலும் விட்டிருப்பேன். ஒன்னெக் கேட்டனா? முப்பது வருஷத்துக்கு மேல அந்த மனுஷன் மின்ன நின்னேன். ஒரு நாளு 'இரியும்'னு சொன்னதில்ல. என் கடைக்கு வந்தாரு. நான் 'இரிங்க'ன்னேன், இருந்தாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சந்தோசத்துல ஒறக்கம் வரல்ல. அது ஒனக்குத் தெரியுமா?"

எனக்கு அது தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் சண்டை போட்டேனே தவிர, கேட்கவில்லை.

"நேத்து வரைக்கும் மொதலாளிக்க கடைன்னு சொன்னானுவ. இன்னைக்கு நீ சங்கிலிக் கதையெல்லாம் தெருவுல விளம்பினே. இனி மகளுக்க கடைன்னு சொல்லுவானுவ. எனக்க கடைன்னு எப்பம் மக்கா சொல்லுவானுவ?"

அழுதார். அம்மா போனபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

மறுநாள் அப்பா மொதலாளியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மொதலாளி வெளியே வரவில்லை. சுகமில்லை என்று மருமகள் வாசலில் வைத்தே சொல்லி அனுப்பிவிட்டாளாம். அதற்கப்புறம் மொதலாளி அந்தச் சந்துப் பக்கம் வரவேயில்லை. மொத்தக் கடைகளில் இரண்டாந்தரச் சரக்கைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆளை எழுப்பியது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள்.

ஓணம் கழிந்து, மனசு கேட்காமல், ஒரு தூக்குப் பாத்திரத்தில் அவியல் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். வழக்கம்போலப் பக்கவாட்டில் உள்ளே நுழையப் போனேன்.

"வெளியில நில்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என்ன வேணும்?"

 தெருவில் இறங்கி, அந்தப் பெண்களோடு நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "கால் ராத்தல் மல்லி."

நிறுத்து, பொட்டலம் கட்டி, விலை சொன்னார். பர்ஸைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற மலையாளத்து அம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். "அய்யோ, டீச்சருக்கும் பைசாவோ? இது டீச்சருடெ கடையல்லே?"

"அல்ல" என்றார் அப்பா. என் கையிலிருந்து காசை வாங்கி எண்ணிப் பெட்டியில் போட்டார். "எனக்க கடையாக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"